செவ்வாய் மதியத்தில் மண்ணும் செல்லோவும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. அமெரிக்காவின் அயோவாவில் எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த கல்லூரி மாணவி பிரென்னா ஒருநாள் என் சமையலறையில் நின்றபடி சொன்னாள்: “என் காலேஜ் ஆலோசகர்கள் ரெண்டு பேருக்கும் யாருமே நன்றி சொல்லமாட்டாங்க. நீங்க கதை எழுதுறவங்கதானே, எழுதுங்களேன்.”

சரி என்றேன். நன்றியைக் கதையாக்குவது எவ்வளவு பாடு என்று அப்போது தெரியாது.

முதல் வரியை எழுதிப் பார்த்தேன்: ‘அயோவாவின் சோளக்காடுகளுக்கு மேலே சூரியன்—’ வேண்டாம்.

‘அவளுக்குள் இரண்டு பெண்கள் வாழ்ந்தார்கள்—’ பொய். ஒருத்திதான். அவளுக்கு மண்ணும் பிடிக்கும், செல்லோ என்ற பெரிய வயலின் போன்ற வாத்தியமும் பிடிக்கும். அவ்வளவுதான்.

2

அதனால் கல்லூரியில் மண்ணியல், இசை என்று இரண்டு முதன்மைப் பாடங்கள் எடுத்தாள். எந்தப் பாடத்தை எப்போது படிப்பது என்று வழிகாட்ட, ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஆலோசகர்: மண்ணியலுக்கு டாக்டர் மார்வா பெட்டிக்ரூ, இசைக்கு லைல் சாண்டோவல். மூன்று வருடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. கடைசி வருடத்தில் மண் ஆய்வகமும் இசைக்குழு ஒத்திகையும் செவ்வாய் மதியம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. இரண்டும் கட்டாயம். இன்னொரு வருடம் தங்கவும் வழியில்லை. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, படிப்பு முடிந்ததும் அவருடைய பண்ணைக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

3

“இசையை விட்டுடறேன், டாக்டர் பெட்டிக்ரூ.”

“லைல்கிட்ட சொன்னியா?”

“இல்ல. உங்ககிட்ட சொல்றது சுலபம்னு இங்க வந்தேன்.”

மார்வா சிரிக்கவில்லை. (உண்மையில் சிரித்தாராம். முறைத்தால் கதைக்கு நல்லது என்று மாற்றினேன். பிரென்னா படித்துவிட்டு என்னைத் திட்டினாள். ஆகவே: சிரித்தார்.) சிரித்துவிட்டு, அவள் எதிரிலேயே லைலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“லைல், உங்க ஒத்திகையைக் கொஞ்சம் நகர்த்துங்க.”

“அறுபது பேரை எங்க நகர்த்துறது? உங்க மண்ணை நகர்த்துங்க. சும்மாதானே கிடக்கு!”

“சும்மாவா? வந்து ஒரு குழி தோண்டிப் பாருங்க, தெரியும்.”

“என்னால உங்களுக்குள்ள சண்டை வேணாம்—” என்றாள் பிரென்னா.

“நீ பேசாம இரு!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கொஞ்ச நேரம் கழித்து லைல் தணிந்தார். “உங்க ஆய்வகத்துல எத்தனை பேரு?”

“எட்டு.”

“அப்ப அவங்ககிட்ட கெஞ்சலாம். நானும் வரேன்.”

வந்தார். ஆய்வகத்தைக் காலை ஏழு மணிக்கு மாற்றலாமா என்று இருவரும் பிள்ளைகள் முன்னால் நின்று கேட்டார்கள். மல்யுத்த அணியிலிருந்த கிளின்ட் யாகர் மட்டும் மசியவில்லை.

“ஏழு மணிக்கா? எனக்குக் கண்ணே திறக்காதே சார்!”

“செவ்வாய்க்கிழமைதோறும் காபியும் டோனட்டும் என் பொறுப்பு,” என்றார் லைல்.

“எனக்கு எத்தனை?”

“உன் வயிறு போதும்னு சொல்ற வரைக்கும்.”

கிளின்ட் பிரென்னாவைத் திரும்பிப் பார்த்தான். “நல்லா வாசிச்சுத் தொலை,” என்றான்.

4

“வில்லன் எங்கே?” என்று கேட்டார், கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர். முயன்றேன். ‘லைல் கண்களைச் சுருக்கி, “அப்படின்னா போ, உன்னை மாதிரி ஆயிரம்—”’ அதற்குமேல் பேனா ஓடவில்லை. பனி கொட்டும் காலையிலும் தன்னுடையதல்லாத வகுப்புக்கு டோனட் சுமந்து வந்த மனிதரை நான் எப்படிக் கெட்டவராக்குவேன்?

5

பட்டமளிப்பு நாளில் அவளுடைய அப்பா ஊன்றுகோலோடு வந்திருந்தார். நானும் போயிருந்தேன். அப்பா ஆலோசகர்கள் இருவரின் கைகளையும் மாறி மாறிக் குலுக்கினார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“பண்ணைக்கு ஆள் பாத்துட்டேன். வாக்குக் கொடுத்தியேன்னு வந்து நிக்காத. உனக்கு என்ன பண்ணணும், அதைச் சொல்லு.”

மார்வா காத்திருந்தார். லைல் காத்திருந்தார். பிரென்னா அழுதுகொண்டே சிரித்து, வாயைத் திறந்தாள்.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அவள் சொன்னது எனக்குத் தெரியும். எழுதவும் செய்தேன், அடித்துவிட்டேன். மண்ணா, செல்லோவா, இரண்டுமா, மூன்றாவதாக ஏதாவதா, நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. எதைச் சொல்லியிருந்தாலும் அப்பாவும் ஆலோசகர்களுமாக அந்த மூன்று பேரும் “சரிம்மா” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.