மேலே பார்த்த கைப்பிடி

ஞாயிற்றுக்கிழமை, பதினேழாம் பிளாக் குவார்ட்டர்ஸின் பின்பக்க ஷெட்டில் இருந்தவர்கள்: கார்க் கண்ணாடி மெக்கானிக் இளவழகன். வீட்டுக்காரர் குமரவேல், சுரங்கத்தில் பர்மனென்ட். டீ கொடுக்க வந்த அவர் மனைவி செந்தாமரை. கார்க்காரர் பன்னீர்செல்வம், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வேலிக்கு அந்தப் பக்கம் தலை மட்டும் தெரிய நின்ற பக்கத்து வீட்டு மாடசாமி. மொத்தம் ஐந்து பேர்.

வியாழக்கிழமை மாலை குமரவேல் நோட்டீஸை நீட்டிய நொடியிலிருந்து இளவழகன் மனதுக்குள் இந்தப் பெயர்களையே திருப்பித் திருப்பிப் புரட்டிக்கொண்டிருந்தான். தன்னைக் கழித்தால் நாலு பேர். நாலு பேரில் ஒருவர் மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்.

நோட்டீஸ் வந்தபோது அவன் வாத்தியாரின் பத்மினி காரின் இடது கதவைப் பிரித்து வைத்திருந்தான். அந்த ஒரு கதவுக்கு மட்டும் யாரோ பழைய முதலாளி பவர் விண்டோ மோட்டார் மாட்டியிருந்தார். பட்டனை அழுத்தினால் மோட்டார் உறுமும், கண்ணாடி அசையாது. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் மொழுக்கென்று தேய்ந்துபோயிருந்தது. அதை விரலில் உருட்டிக்கொண்டே நோட்டீஸைப் படித்தான். கம்பெனி குவார்ட்டர்ஸில் தொழில் நடப்பதாகப் புகார் வந்திருக்கிறது, ஏழு நாளில் நிறுத்தாவிட்டால் வீட்டு ஒதுக்கீடு ரத்து. கூடவே ஒரு போட்டோ. இதே கார், டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து கிடக்க, பக்கத்தில் அவனுடைய ஸ்பேனர் பெட்டி. அந்தக் கதவில் அவன் வேலை பார்த்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

"எவன் வயித்தெரிச்சலோ தெரியல," என்றார் குமரவேல். "பேரு இல்ல, கையெழுத்து இல்ல. நான் என்னாடா செய்றது? வூடே போயிடும் போலருக்கு."

ஷெட் போனால் இளவழகனுக்கு மிச்சமிருப்பது சுரங்க நைட் ஷிஃப்ட் ஒன்றுதான். வேறொரு காண்ட்ராக்டர் வாரம் ஒரு முறை போன் செய்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவன் எடுப்பதில்லை. நாலு வருஷம் கன்வேயர் பெல்ட் ஓரத்தில் ராத்திரி முழுக்க நின்று, பகலில் தூக்கம் வராமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன். செத்தாலும் அங்கே திரும்பிப் போவதில்லை என்று இருந்தான்.

ஷெட் சும்மா கிடைத்ததும் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி பெல்ட் ரோலர் சூடேறிப் புகைந்தது. கவனிக்க வேண்டிய குமரவேல் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். விசாரணையில், தூங்கியது நான்தான் என்று இளவழகன் எழுதிக் கொடுத்து வேலையை இழந்தான். பர்மனென்ட் வேலை போனால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும், காண்ட்ராக்ட் ஆளுக்கு ஊரெல்லாம் காண்ட்ராக்டர்தானே என்று கேட்டுக்கொண்டவர் குமரவேல். அதற்குக் கைமாறுதான் இந்த ஷெட்.

முதல் சந்தேகம் மாடசாமி மேல் போனது. அது நியாயம்தான். வேலிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டால் அந்தத் தலை முளைக்கும்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம கையில போன வெச்சிக்கினு வேலிகிட்ட நின்னீங்களே. போட்டோ எடுத்தீங்களா?"

"ஒன் மூஞ்சியவா? திருஷ்டிக்கு வாசல்ல மாட்டவா?"

"வெளையாடாதீங்க. எவனோ ஆபீஸுக்கு அனுப்பியிருக்கான்."

"எலே, அனுப்பணும்னா நீ சுத்தியல் தட்டுத தட்டுக்கு என்னைக்கோ அனுப்பியிருப்பேன். ஞாயித்துக்கிழமை எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டு. ஒண்ணே கால் பஸ்ஸுல போனவன் ராத்திரிதான் வந்தேன். பஸ் டிரைவர்ட்ட போய்க் கேளு. வந்துட்டான் துப்பறிய!"

தலை மறைந்தது. நடிப்பாகவும் இருக்கலாம் என்று நினைத்தபடியே இளவழகன் ஷெட்டுக்குத் திரும்பினான். குமரவேல் நோட்டீஸைக் காரின் பானெட் மேல் விட்டுவிட்டு வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். அவன் போட்டோவை மறுபடியும் எடுத்துப் பார்த்தான். இந்த முறை ஆளைத் தேடவில்லை. கதவைப் பார்த்தான்.

கண்ணாடி முழுக்க மேலே ஏறியிருந்தது. கண்ணாடியைச் சுற்றும் கைப்பிடி செங்குத்தாக வானத்தைப் பார்த்து நின்றது.

போட்டோவை முகத்துக்கு அருகே கொண்டுவந்து கைப்பிடியை மறுபடியும் பார்த்தான்.

சுரங்கத்தில் ரிப்பேரில் இருக்கும் மெஷினில் ஒரு அட்டை தொங்கும், யாரும் தொடக் கூடாது என்று. கார் வேலைக்கு ஏது அட்டை? அதனால் இளவழகன் தனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருந்தான். வேலை முடியாத கதவில் கைப்பிடியை மேலே பார்க்கச் செருகி வைப்பான். முடிந்துவிட்டால், கண்ணாடி ஏறிய நிலையில் கைப்பிடி முன்பக்கமாகக் கீழே சாய்ந்திருக்கும். கைப்பிடி மாட்டும் தண்டில் சுற்றிலும் பல், எந்தப் பல்லில் வேண்டுமானாலும் கைப்பிடியைச் செருகலாம். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்தபோது டிரைவர் பக்கத்துக் கண்ணாடி கதவுக்குள் விழுந்து கிடந்தது. மூன்று மணிக்குத்தான் அதை மேலே ஏற்றினான். கைப்பிடியைப் பிடித்து நிறுத்தும் சின்னக் கம்பி கிளிப் அப்போது தெறித்துப் போய் எங்கேயோ விழுந்தது. தேடிக் கிடைக்கவில்லை. கைப்பிடியை மேலே பார்க்கச் செருகிவிட்டு, வாத்தியாரை பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, புது கிளிப் வாங்க மந்தாரக்குப்பம் போனான். நாலு மணிக்கு வந்து கிளிப்பைப் போட்டு, கைப்பிடியைக் கீழே சாய்த்தான். அந்தப் போட்டோவை அந்த ஒரு மணி நேரத்தில்தான் எடுத்திருக்க முடியும்.

வாத்தியார் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தார். மாடசாமி ஷிஃப்ட்டில் இருந்தார்; பஸ் டிரைவரைக் கேள் என்று சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். செந்தாமரை பதினோரு மணிக்கு டீயைக் கொடுத்துவிட்டு கம்மாபுரத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், மறுநாள்தான் வந்தாள். இவர்கள் மந்தாரக்குப்பம் போகும்போது கேட்டை உள்ளே தாழ் போட்டுக்கொண்டது யார், திரும்பி வந்து தட்டியதும் கொட்டாவி விட்டபடி வந்து திறந்தது யார் என்பது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது.

போட்டோவை எடுத்துக்கொண்டு படிக்குப் போனான்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம மூணுலேந்து நாலு வரைக்கும் என்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"தூங்கிக்கினு இருந்தேன். நைட் முடிச்சிட்டு வந்தவன் வேற என்னா பண்ணுவான்?"

"இதுல கைப்பிடி எப்பிடி நிக்குது பாருங்க."

"கைப்பிடி மாதிரி நிக்குது."

இளவழகன் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. பல், கிளிப், மூன்று மணி, நாலு மணி என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். குமரவேல் போட்டோவைப் பார்க்கவே இல்லை. திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"செந்தாமரைக்குத் தெரியாது," என்றார்.

"நேரா சொல்லியிருந்தா போயிருப்பேனே."

"எப்பிடிடா சொல்றது? எனக்காக வேலைய வுட்டவன் நீ. உன்ன என் வாயால வெளிய போன்னு சொன்னா காறித் துப்புவானுங்க. நோட்டீஸு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

"நான் என்னா பண்ணேன் உங்கள?"

"ஒண்ணும் பண்ணல. அதான் பயமா இருக்குது." குமரவேல் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டூட்டி முடிஞ்சி வந்தா நீ நிக்கிற. படுத்தா உன் ஸ்பேனர் சத்தம். சத்தம் நின்னா, நான் தூங்குறனான்னு எட்டிப் பாக்குறியோன்னு இருக்குது. ரெண்டு வருசமா எனக்குச் சரியா தூக்கம் இல்லடா."

"அன்னிக்கு பெல்ட்டுகிட்ட நல்லாத்தானே தூங்குனீங்க."

குமரவேல் முகம் கறுத்தது. "இத எங்கயாவது சொல்லுவியா?" என்று கேட்டார்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்குக் கேக்குறீங்க?"

ஏழு நாள் இருந்தது. ஆனால் ஒரு நாள்கூட இருக்கப் பிடிக்கவில்லை. இடது கதவின் கண்ணாடியைக் கையால் மேலே தள்ளி, கீழே இறங்காமல் ஓரத்தில் ஒரு மரச்சில்லைச் செருகினான். மோட்டாரையும் தேய்ந்த சக்கரத்தையும் துணியில் சுற்றிப் பின் சீட்டில் வைத்தான். காரை வாத்தியார் வீட்டு வாசலில் விட்டு, அங்கேயே நின்று புதுச் சக்கரம் மாட்டிக் கொடுத்துவிடலாம். அதற்கப்புறம் என்ன என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்தால் காண்ட்ராக்டர் நம்பர்தான் ஞாபகம் வரும்.

சாமான்களைப் பையில் அள்ளிப் போடும்போது குமரவேல் ஷெட் வாசலில் வந்து நின்றார். அவர் கண் ஒவ்வொரு ஸ்பேனராகப் போய் வந்தது. இளவழகன் அதைக் கவனித்தான். பையைத் தூக்கிக்கொண்டு போய், ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது சுரங்க கேட்டில் செக்யூரிட்டிக்குக் காட்டுவதைப் போல, அவர் முன்னால் விரித்துப் பிடித்தான்.

"பாத்துக்கோங்க."

வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தான். குமரவேல் குனிந்து பார்த்தார். ஒரு ஸ்பேனரை நகர்த்தி அதன் அடியிலும் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

கார் மூன்றாவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. இளவழகன் ரிவர்ஸில் எடுத்தான். வேலிக்கு மேல் மாடசாமியின் தலை எழும்பி, ஒரு நொடி நின்று, ஒன்றும் கேட்காமல் இறங்கியது. சக்கரம் தெருவைத் தொடுவதற்குள் ஷெட்டின் தகரக் கதவு சாத்தப்பட்டது. குமரவேல் பூட்டைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.