மணல்மேல் படிந்த ஏடு

1

அன்று காலை குடிநீர் வடிகட்டித் தொட்டியருகே இருந்தவர்கள்: தொட்டியை இயக்கும் என் மாப்பிள்ளை, ஆய்வுக்கு வந்த பொறியாளர் அம்மாள், காவலாளி, என் மகள், நான். வேறு எவரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றிக் கடைத்தெருவில் பேச்சு கிளம்பியதால் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பறவைக் கூட்டமொன்று தொட்டியில் இறங்கி, மணலை..."

(அடித்துவிட்டேன். எட்டிப் பார்த்த மகள் கேட்டாள்: "எந்தப் பறவைப்பா மண்வெட்டி வச்சிருக்கு?")

இரண்டாம் தொடக்கம்: ஆய்வுக்காகத் தண்ணீரை வடித்திருந்த தொட்டிக்கு விடியற்காலையில் ஒரு முதியவர் வந்தார். கம்பீரமானவர். (இந்தச் சொல்லை மகள் அடிக்கச் சொன்னாள். மறுத்துவிட்டேன்.) மணல் முழுக்கப் பழுப்பாய், வழவழவென்று ஓர் ஏடு. மாப்பிள்ளை பார்க்கும் இடம் இந்த லட்சணத்தில் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? சுரண்டி எடுத்துவிட்டார்.

3

மாப்பிள்ளை வந்து பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாமா, அது அழுக்கு இல்ல. உயிரோட இருந்துச்சு. கிருமியைத் தின்னு தண்ணியைச் சுத்தம் பண்றதே அதுதான்."

"அழுக்குக்கு வக்காலத்து வாங்குறீங்களே மாப்பிள்ளை!"

"மறுபடி வளர ரெண்டு வாரம் ஆகும். அதுவரைக்கும் இந்தத் தொட்டித் தண்ணி குடிக்க ஆகாது."

(அவ்வளவு சின்ன உயிர்களுக்கு இவ்வளவு பொறுப்பை யார் கொடுத்தது? கதையில் இந்த இடம் நம்பும்படி இல்லை. ஆனால் உண்மை.)

பொறியாளர் அம்மாள் கேட்டார்: "யார் சுரண்டினது?"

"நான்தான் மேடம்," என்றார் மாப்பிள்ளை.

"பத்து வருஷ அனுபவத்துல இதைத்தான் கத்துக்கிட்டீங்களா? நாளைக்கு விளக்கம் எழுதிக் குடுங்க. சரியா இல்லன்னா வேலை போயிடும்."

மகள் என்னையே பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். முதியவரும்.

4

முடிவுகள்:

அ) ஏடு ஒரே இரவில் வளர்ந்துவிடுகிறது. (அந்தச் சின்ன உயிர்கள் என் பேச்சைக் கேட்பதில்லை.)

ஆ) தொட்டி இப்படிப் பளபளப்பதைப் பார்த்ததே இல்லை என்று பொறியாளர் மெச்சுகிறார். (மகள் சிரித்த சிரிப்பில் பேனா கீழே விழுந்தது.)

இ) முதியவர் இந்தக் காகிதங்களோடு பொறியாளரின் அறை வாசலில் நின்று...

இப்போது அங்கேதான் நிற்கிறேன். "உள்ள வாங்க" என்கிறார் பொறியாளர் அம்மாள். அவர் என்ன செய்வார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு நேரமில்லை.

ஒன்று மட்டும். மாப்பிள்ளையும் காவலாளியும் சேர்ந்துதான் தொட்டியைச் சுரண்டினார்கள் என்று கடைத்தெருவில் பேசுகிறார்கள். தவறு. மூலை முடுக்கு விடாமல் முழுத் தொட்டியையும் நான் ஒருவனே சுரண்டினேன்.