ஹோல்ட் போட்ட குரல்

அக்காவின் லேப்டாப்பில் ஒரு வாரமாக அப்கிரேட் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. ஆபீசில் நாற்பது லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவன் நான். ஒரு வீட்டு லேப்டாப் என்னிடம் வாலாட்டுவதா? காலையில் அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தேன்.

காரணம் ஐந்தே நிமிடத்தில் சிக்கியது. ஒரு மென்பொருள் பேக்கேஜை மட்டும் யாரோ 'ஹோல்ட்' போட்டு, புதுப்பிக்கவே கூடாது என்று கட்டிப்போட்டிருந்தார்கள். அது நகராததால் அதைச் சார்ந்த நான்கும் நகரவில்லை. ஹோல்டை எடுத்தேன். டிஸ்க்கில் இடமில்லை என்றது; பழைய பேக்கேஜ் கோப்புகளை வழித்துத் துடைத்தேன். பிறகு எல்லாம் மளமளவென்று ஏறியது. என் முதுகில் நானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

தொண்டை ஆபரேஷனில் அக்காவுக்குப் பேச்சு போய் நாலு வருஷம். அவள் டைப் செய்தால் லேப்டாப் பேசும். ஆபரேஷன் நடந்தபோது அவள் மகள் பாப்பாவுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. அவளுக்குத் தெரிந்த அம்மா குரல் அது ஒன்றுதான்.

அக்கா வந்து டைப் செய்தாள். "பாப்பா, ஷூ போட்டுக்கோ, வேன் வந்துடும்." தெளிவான, இனிமையான, புத்தம்புதுக் குரல்.

பாப்பா ஓடிவந்து என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். "மாமா, அது யாரு? அம்மா ஏன் பேசல?"

அக்காவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. மறுபடி பேசினால் குழந்தை இன்னும் மிரளுமே என்று அவள் டைப் செய்யவேயில்லை. ஹோல்டில் இருந்தது அந்தப் பழைய குரல்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெட்டில் தேடினேன், புதுசு வந்ததும் பழசை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"பழசை நான் அழிச்சுட்டேன்க்கா."

அவள் முறைக்கக்கூட இல்லை. சாவிக்கொத்திலிருந்து ஒரு பென்டிரைவைக் கழற்றி என் கையில் வைத்தாள். பழைய குரலும் அதன் கூட்டாளிகள் நான்கும் அதில் பத்திரமாக இருந்தன. ஃபோல்டரின் பெயர்: 'தம்பி கை வைத்தால்'.

வெட்கத்தோடு ஐந்தையும் திரும்பப் போட்டேன்.

"பாப்பா," என்றது கரகரத்த, மூக்கால் பேசும் அந்தப் பழைய குரல். என் காலை விட்டுவிட்டுப் பாப்பா அம்மா மடியில் போய் விழுந்தாள்.

அவளை அணைத்தபடி அக்கா ஒற்றைக் கையால் டைப் செய்தாள். "ஹோல்ட் போட்டது நான்தான்டா. ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். வாய் இருந்தது எனக்குத்தானே.