ஆளிடம் சொல்ல வேண்டாம்

கவுன் வந்து கட்டிங் மேஜையின் நட்டநடுவில் விழுந்தது. அதன் பின்னாலேயே நாத்தனாரின் குரலும் வந்து விழுந்தது.

"இதுக்குப் பேரு தையலா? முன்னாடி தரையைக் கூட்டுது, பின்னாடி கெண்டைக்கால் தெரியுது. கண்ணைக் கழட்டி வச்சுட்டு வெட்டினியா?"

கடையில் அளவு கொடுக்க வந்த பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஜன்னலோரம் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த பட்டன் அக்கா ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். நாத்தனாருக்கு வேண்டியதும் அதுதான். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகிய தொண்டை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் அவள் யாரையும் திட்டி வீணாக்க மாட்டாள்.

டெய்லரம்மா சாக்கட்டியைக் கீழே வைத்தாள். "நீங்க சொன்ன அளவுலதான் வெட்டினேன் அண்ணி."

"நான் சொன்னேனா, தரையைப் பெருக்கற மாதிரி வெட்டுன்னு? சனிக்கிழமை எனக்கு ஓய்வு விழா. மேடையில ஏறி இதை மிதிச்சு நான் விழணும், அதானே உன் ஆசை?"

ஆசை அப்படி ஒன்றும் இல்லாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்லவா முடியும்.

நாத்தனார் அந்த இரண்டு பெண்கள் பக்கம் திரும்பினாள். "வேற கடை பாத்துக்கங்கம்மா. இவளுக்கு இப்ப கண்ணும் தெரியறதில்ல, கையும் ஓடறதில்ல. அடுத்த மாசத்திலேருந்து என் மருமக இந்த மேஜையில உக்காருவா. அப்ப வாங்க."

விஷயம் இதுதான் என்று டெய்லரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடை மாமனார் விட்டுப்போனது. செத்துப்போன அவள் புருஷன் பேரில் பாதி, அவன் அக்காவான இந்த நாத்தனார் பேரில் பாதி. மூன்று மாதம் தையல் வகுப்புக்குப் போய்விட்டு வந்த மருமகளைக் கொண்டுவந்து உட்காரவைக்க இத்தனை நாளாக ஒரு சாக்கு கிடைக்காமல் நாத்தனார் தவித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கிடைத்துவிட்டது. முப்பத்தொரு வருஷமாக டெய்லரம்மா நின்ற மேஜை அது. வீட்டில் அவளுக்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அவளுக்கென்று இருந்தது இந்த மேஜை ஒன்றுதான்.

"பட்டன் அக்கா, அந்த அளவு நோட்டை எடுங்க," என்றாள்.

"நோட்டு எதுக்கு? துணி பேசுதே!"

"துணியோட நோட்டும் பேசட்டும் அண்ணி. நீங்க என்ன சொன்னீங்க? தலைமையாசிரியை ஆனப்ப தைச்ச கருநீல கவுன் அளவுலயே தை, புதுசா அளவெடுக்க எனக்கு நேரமில்லன்னு. ஆறு வருஷத்துக்கு முந்தின அளவு. இந்தாங்க, முழு நீளம் ஐம்பத்தி நாலு." நோட்டை மேஜை மேல் விரித்து, கவுனை அதன் பக்கத்தில் நீட்டி, டேப்பை வைத்தாள். ஐம்பத்து நான்கு. ஒரு நூல் கூடுதலும் இல்லை, ஒரு நூல் குறைவும் இல்லை. வந்திருந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று முணுமுணுத்தாள்.

நாத்தனாருக்கு முகம் சிவந்தது. "அப்ப எப்படி இடிக்கும்?"

அங்கேயே டெய்லரம்மா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மேஜை தப்பித்துவிட்டது. ஆனால் முப்பத்தொரு வருஷத்து எரிச்சலுக்கு வாயை மூடத் தெரியாது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே இதே நாத்தனார் அவளைச் சுவரோடு நிறுத்தி, பக்கத்தில் தானும் நின்று, "என் தோளுக்குக்கூட வரலியே, குட்டை!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தவள். அன்று ஒட்டிய 'குட்டை' என்ற பட்டம் இன்றுவரை உரியவில்லை. பேர் சொல்லி ஒரு நாள் கூப்பிட்டதில்லை.

"நில்லுங்க அண்ணி," என்று டேப்பை எடுத்தாள். நாத்தனார் நகர்வதற்குள் பின்கழுத்தில் ஒரு முனையை வைத்துக் கணுக்கால் வரை இழுத்துவிட்டாள். "ஐம்பத்தொண்ணே முக்கால். ரெண்டேகால் இஞ்ச் குறைஞ்சிருக்கீங்க. முதுகு வேற வளைஞ்சிருக்கு. அதான் முன்னாடி தொங்குது, பின்னாடி தூக்குது."

"டேப்பு பொய்."

"டேப்பு பொய்யா? சரி, நோட்டைப் படிக்கறேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி ஐம்பத்தி மூணரை. அடுத்த வருஷம் ஐம்பத்தி மூணு. அப்புறம் ஐம்பத்தி ரெண்டரை. போன வருஷம் ஐம்பத்திரண்டு. ஒவ்வொரு துணியிலயும் முன்பக்கம் குறைச்சு, முதுகுல துணி விட்டு, ஊருக்குத் தெரியாம மூடி மறைச்சதே இந்தக் கைதான். இந்தத் தடவை நீங்க சொன்னபடி வெட்டினேன். உங்க முதுகு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு."

வந்திருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பட்டன் அக்கா மட்டும் டெய்லரம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஜெயித்த மிதப்பில் டெய்லரம்மா அந்தப் பார்வையைக் கண்டுகொள்ளவில்லை.

"நான் கூனியா?" என்றாள் நாத்தனார். "என் முதுகு நேரா இருக்குன்னு டாக்டர் கையால எழுதி வாங்கிட்டு வந்து உன் மூஞ்சியில எறியறேன். அன்னிக்கு கடைச் சாவியை வச்சுட்டு நீ கிளம்பணும்."

"தாராளமா."

அவள் போனதும் டெய்லரம்மா இரண்டு பெண்களுக்கும் நிதானமாக அளவெடுத்தாள். கை ஒரு நூல் நடுங்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே இறங்கியது.

தையல்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வயிறு பெருத்தவளிடம் பெருத்துவிட்டாய் என்று சொல்ல மாட்டார்கள். தோள் இறங்கியவளிடம் இறங்கியது என்று சொல்ல மாட்டார்கள். துணியில் சரிக்கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். மெஷினில் உட்காருபவர்கள் உளறிவிடக் கூடாதே என்பதற்காக டெய்லரம்மா நோட்டில் அளவுக்குப் பக்கத்தில் எழுதிவைப்பாள்: ஆளிடம் சொல்ல வேண்டாம். மரியாதைக்காக எழுதுவது. நாத்தனார் பக்கத்தில் எழுதியது மட்டும் மரியாதைக்காக இல்லை. முதல் அரை இஞ்ச் குறைந்தபோது டெய்லரம்மா மூன்று முறை அளந்து பார்த்தாள். மூன்றாவது முறை சிரிப்பு வந்தது. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் நாத்தனார் அளவு கொடுக்க வரும் நாளுக்காகக் காத்திருந்தாள் என்பதே உண்மை. தானாக இறங்குகிறாள், இறங்கட்டும், என் தோளுக்கு வரட்டும் பார்க்கலாம் என்றிருந்தாள். உயரம் குறைவது ஒரு நோய்க்கு அறிகுறியாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாளா என்று கேட்டால், அதற்கு அவளிடம் நல்ல பதில் கிடையாது.

பதினோராம் நாள் கடை திறந்த கையோடு நாத்தனார் வந்தாள். வயிற்றிலிருந்து மார்பு வரை பட்டையாக ஒரு பெல்ட். கையில் பெரிய கவர். கத்துவாள் என்று டெய்லரம்மா தயாராக இருந்தாள். அவள் கத்தவில்லை, கவரை மெதுவாக மேஜையில் வைத்தாள். குனிய முடியாமல் முழங்காலை மடக்கி, உடம்பை நேராக வைத்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னதுதான் சரி," என்றாள். "எலும்பு அடர்த்தி பாத்தாங்க. உள்ள சல்லடையா இருக்காம். முதுகெலும்பு ரெண்டு தானா நசுங்கியிருக்கு. நான் எங்கயும் விழவே இல்ல. முதுகுவலின்னு நான் பாட்டுக்கு மாத்திரை முழுங்கிட்டு வகுப்புக்குப் போயிருக்கேன்."

பட்டன் அக்கா எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். நாத்தனார் தொடவில்லை.

"நாற்பத்தொரு வயசுல மாதவிலக்கு நின்னவ நான். குடையில்லாம வெயில்ல இறங்கினதில்ல. பால் பக்கம் போனதில்ல, நாளைக்கு ஏழு காபி. நடைன்னா வராந்தாவுக்கு வகுப்பறை, வகுப்பறைக்கு வராந்தா. டாக்டர் ஒண்ணொண்ணா கேட்டு எழுதினா. எழுதிட்டு, 'உயரம் குறையுதுன்னு யாருமே கவனிக்கலையா?'ன்னு கேட்டா. நாலு வருஷத்துக்கு முன்னாடியே வந்திருந்தா மருந்து, சாப்பாடு, வெயில், நடை, கொஞ்சம் எடை தூக்கற பயிற்சின்னு எப்படியாவது பிடிச்சு நிறுத்தப் பாத்திருப்பாளாம். நசுங்கின ரெண்டும் இனி நிமிராது. மிச்சத்தைத்தான் காப்பாத்தணும். தும்மறதுக்குக்கூடச் சுவரைப் பிடிச்சுக்கணும்."

"அண்ணி..."

"நோட்டை எடு."

டெய்லரம்மா அசையவில்லை. பட்டன் அக்காதான் எடுத்துக்கொடுத்தாள். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பரீட்சைத் தாள் திருத்துகிறவள் போல விரலை வரிமேல் வைத்துப் படித்தாள். "ஐம்பத்தி மூணரை. முன்பக்கம் அரை இஞ்ச் குறைக்க. ஆளிடம் சொல்ல வேண்டாம்." அடுத்த பக்கம். "ஐம்பத்தி மூணு. முன்பக்கம் முக்கால் இஞ்ச் குறைக்க. ஆளிடம் சொல்ல வேண்டாம்."

"அது எல்லாருக்கும் எழுதறதுதான் அண்ணி. தொழில் வழக்கம்."

நாத்தனார் பக்கங்களைப் புரட்டினாள். அவசரமே படவில்லை. டாக்டர் வீட்டம்மா, பேக்கரிக்காரி, பல் டாக்டர், தபால் ஆபீஸ் பெண் என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அதே வரிதான் எல்லாரிடமும் இருந்தது.

"எல்லாருக்கும் எழுதியிருக்க, சரி," என்றாள். "எனக்கு மட்டும்தான் அடியில ரெண்டு கோடு போட்டிருக்க. நாலு வருஷமும்."

அந்தக் கோடுகளைப் போட்டது டெய்லரம்மாவுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் பேனாவை எவ்வளவு அழுத்தியிருந்தால் தாளின் பின்பக்கம் வரை தடம் விழுந்திருக்கும் என்பது தெரிந்தது. பட்டன் அக்கா தலையைக் குனிந்துகொண்டு காஜாவைத் தொடர்ந்தாள்.

"மேஜையை நீயே வச்சுக்க," என்றாள் நாத்தனார். "என் மருமக வரமாட்டா. உன் கை சரியாத்தான் வெட்டுது. அதை நான் ஊர்ல எங்க வேணாலும் சொல்றேன்." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்தாள். எழுந்து நின்றபோது அவள் தோள் டெய்லரம்மாவின் உச்சந்தலை மட்டத்துக்கு இறங்கியிருந்தது. "ஆனா மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவேன். டாக்டரும் அளப்பா. ஆனா எனக்கு நீயும் அளக்கணும். அளந்து வாய்விட்டுச் சொல்லணும். நான் சாகற வரைக்கும். டேப்பை எடு, குட்டை."

டெய்லரம்மா டேப்பை எடுத்தாள். பின்கழுத்தில் முனையை வைத்தபோது தோலுக்கடியில் எலும்பு துருத்திக்கொண்டிருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. நாலு வருஷமாக அந்த இடத்தைத் தொட்டுத் தொட்டு அளந்த விரல்தான். கணுக்கால் வரை இழுத்து, எண்ணைப் பார்த்து, உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"சத்தமா," என்றாள் நாத்தனார். "எனக்குக் கேக்கணும்."

"ஐம்பத்தொண்ணே முக்கால்," என்றாள் டெய்லரம்மா.

"எழுது."

அவள் எழுதினாள். பழக்கதோஷத்தில் பேனா அளவுக்குப் பக்கத்தில் 'ஆளிடம்' வரை ஓடியது, நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தாள்.