நாரைக்கு ஒரு ஜப்பான் பலகை

மலாய் நாட்டுக்கு ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், காஜா பேராங் சதுப்பில் ஒரே ஒரு ஜோடி வெள்ளை நாரைதான் மிஞ்சியிருந்தது. மற்றவற்றை ஊர் பிடித்துத் தின்றுவிட்டது. அந்த ஜோடி கமலவேணி வீட்டுக்குப் பின்னாலிருந்த மரத்தில் கூடு கட்டி அடைகாத்தது.

"மரவள்ளியத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. நாளைக்கு மரத்துல ஏறிடறேன்," என்றார் அக்காள் புருஷன் அப்பாசாமி.

"வேணாம் அத்தான். இது ரெண்டுதான் பாக்கி."

"அதான் சொல்றேன். வேற எவனாச்சும் முந்திக்குவான்லா."

கமலவேணிக்கு இருபத்திரண்டு வயது. ஜப்பான் மொழி வகுப்புக்குப் போய்வந்தாள். நெடுங்கால் வெள்ளைப் பறவைக்கு அவர்களிடம் பெரிய மதிப்பு, 'ட்சுரு' என்பார்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். பெட்டிப் பலகை ஒன்றில் கரியால் அந்தப் பெயரை இரண்டே ஜப்பான் எழுத்தில் எழுதி மரத்தில் கட்டினாள். "ஜப்பான் ராஜா பறவை, தொட்டா தலை போயிடும்," என்று அக்கம்பக்கத்திலும் சொல்லிவைத்தாள். அப்பாசாமி பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் ஏணியைத் திருப்பி எடுத்துப்போனார்.

நான்காம் நாள் ஜப்பான் அதிகாரி ஒருவர் சைக்கிளை மரத்தடியில் நிறுத்தினார். தெருவே குனிந்து வணங்கியது. அவர் பலகையைப் படித்தார். கூட்டைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தொப்பி சேற்றில் விழுந்தது.

"யார் எழுதினது?" உடைந்த மலாயில் கேட்டார். "இது 'சரு'. குரங்கு! உங்க ஊர்ல குரங்கு முட்டை போடுமா?"

முதல் எழுத்தையே கமலவேணி மாற்றி எழுதியிருந்தாள். திடீரென்று அப்பாசாமியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அவ்வளவுதான், தெரு முழுக்கச் சிரித்தது. கமலவேணி கண்ணீர் வழியச் சிரித்தாள்.

அதிகாரி கரித்துண்டை வாங்கி எழுத்தைத் திருத்தினார். "இந்தப் பறவை எங்க ட்சுருவும் இல்ல. பரவாயில்ல," என்றபடி, 'தொடாதே' என்று கீழே எழுதித் தன் பெயரையும் போட்டார்.

அப்புறம் யார் மரத்தை நெருங்குவார்கள்? மூன்று குஞ்சுகள் பொரிந்தன. மூன்றாம் மாதம் ஒரு காலையில் மூத்தது கிளையிலிருந்து தாவி, விழப்போவதுபோல் தள்ளாடி, காற்றைப் பிடித்துக்கொண்டது.

"பறந்துடுச்சு! அக்கா, பறந்துடுச்சு!"

கமலவேணி கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு தெறிக்க அதன் நிழலைத் துரத்தி ஓடினாள். அக்காள் பின்னால் ஓடினாள். அவளை முந்திக்கொண்டு அப்பாசாமி ஓடினார்.