வியாழக்கிழமைப் பேச்சு

என் தம்பிக்கு முப்பத்திரண்டு வயது. எழுதப் படிக்க வராது. எதையும் புரிந்துகொள்ள நேரமெடுக்கும். அம்மா போனபின் பதினோரு வருடமாக அவனுக்குச் சகலமும் நான்தான். கைகால் வெட்டி இழுத்துக்கொண்டு விழும்போதெல்லாம் தாங்கிப் பிடித்தவளும் நான்தான். தலையில் ஒயர் ஒட்டிச் சோதித்த டாக்டர், இது வலிப்பு நோயில்லை, நடிப்புமில்லை, மனதில் அடைத்துக்கிடப்பது உடம்பு வழியாக வருகிறது, பேசித்தான் சரியாக்க வேண்டும் என்றார். பேச எனக்குத் தெரியாதா என்ன?

வாராவாரம் வியாழக்கிழமை ஒரு மணி நேரம். பேசி வைத்தியம் பார்ப்பவளுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. மூடிய கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் நான். உள்ளே சிரிப்புச் சத்தம். என்ன பேசினாய் என்று கேட்டால், அது எங்கள் இரண்டு பேருக்குள் என்கிறான், பெரிய துரை மாதிரி. வியாழக்கிழமை மட்டும் தானே தலை வாரிக்கொள்கிறான். எனக்கு வயிற்றெரிச்சல்தான், மறைப்பானேன்.

அவளிடம் முகங்கள் வரைந்த அட்டைகள் இருந்தன. கோபம், பயம், சந்தோஷம். நானும் வரைந்தேன். அவளை முந்திக்கொள்ள வேண்டுமென்று செவ்வாய்க்கிழமையே அவனை எதிரே உட்காரவைத்துக் குடைந்தேன். எது பயம், ஏன் பயம், சொல்லுடா, சொல்லு. அவன் கண் செருகியது. நாற்காலியோடு சாய்ந்தவன் அடங்க இருபது நிமிடமானது.

வியாழக்கிழமை அவளிடம் ஒப்புக்கொண்டேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவளோ அவனிடம், அக்கா உள்ளே வரலாமா என்று கேட்டாள். என் தம்பி பக்கத்தில் உட்கார எனக்கு அனுமதி! அவன் வெகுநேரம் யோசித்துத்தான் தலையாட்டினான்.

உள்ளே, பயந்த முகம் வரைந்த அட்டையை எடுத்து என் மடியில் வைத்தான்.

"நீ போன்ல சொல்றே. நான் போயிட்டா இவன் கதி என்னன்னு. அப்போ எனக்கு கை நடுங்கும்."

அவனுக்கு விளங்காதென்று நினைத்து, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன்.

"இத ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவே. இவங்க அழ மாட்டாங்க."

அவன் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்து அழுகையை விழுங்கினேன்.

"நான் அழல. நீ சொல்லு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் சோதித்தான். பிறகு அவளைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.