வாசலில் நடந்த காட்சி

நம்மை ஆண்டுவிட்டுப் போன வெள்ளைக்காரர்கள் இப்போது கலை வளர்க்கிறார்கள். அதற்கென்று தொம்மலூரில் ஒரு பண்பாட்டு மையம். அங்கே நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் நிருபமா தேன் ஒழுகப் பேசுவாள்.

"இளவேனில், உங்க நாடகம் சூப்பர். அந்த செக்கிங் சீன் மட்டும் வேணாமே. லண்டன்ல இருந்து கெஸ்ட் வர்றாரு. கூப்பிட்டு வச்சு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும். அவருக்குப் பிடிச்சுட்டா உங்க குழு லண்டன் போகுது."

கோலார் தங்கச் சுரங்கத்தைப் பற்றிய நாடகம் அது. வெள்ளைக்காரக் கம்பெனிக் காலத்தில், குழியிலிருந்து ஏறிவந்த தமிழாட்கள் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று வாய்வரை சோதிப்பதுதான் அந்தக் காட்சி. நாடகத்துக்கு உயிரே அதுதான். எழுதி இயக்கிய இளவேனிலுக்கு அதை வெட்ட மனமில்லை. ஆனால் ஏழைத் தமிழர்கள் வாழும் லிங்கராஜபுரத்திலிருந்து வரும் அவள் நடிகர்களில் ஒருவரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, எடுத்துவிடுகிறேன் என்றாள்.

நிகழ்ச்சியன்று மாலை, மையத்தின் வாசலில் இரு நாட்டு நட்பைப் போற்றி ஒரு பேனர் தொங்கியது. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில். கோட்டு போட்டவர்கள் அதன் கீழே கைவீசி உள்ளே போக, நாடகக்காரர்களை மட்டும் காவலாளி வரிசையில் நிறுத்தினான். பையைக் கொட்டச் சொன்னான், செருப்பைக் கழற்றச் சொன்னான். "கை மேலெ எத்தி" என்று மூத்த நடிகர் ஞானசேகரனைக் கன்னடத்தில் அதட்டினான்.

ஞானசேகரனின் தாத்தா அந்தக் குழியில் இறங்கியவர். இவரோ அந்தக் காட்சியை மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தவர். கையைத் தூக்கினார். யாரும் கேட்காமலே வாயையும் திறந்து, நாக்கை மடக்கிக் காட்டினார்.

அந்த நேரம் பார்த்து விருந்தாளியின் கார் வந்து நின்றது. நாடகம் வாசலிலேயே தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் மனிதர். முகம் மலரக் கைதட்டினார். வெகு தத்ரூபம் என்று ஆங்கிலத்தில் பாராட்டினார். நிருபமாவும் கூடச் சிரித்துத் தலையாட்டினாள்.

தான் செய்தது ஞானசேகரனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டு தலைகுனிந்தார். அதைப் பார்த்ததும் இளவேனிலுக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. லண்டனாவது, மண்ணாங்கட்டியாவது. அவருடைய செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தாள்.

"போட்டுக்கங்கண்ணா. கிளம்பலாம்."

"என்ன இளவேனில், ஷோ இருக்கே" என்று பதறினாள் நிருபமா.

"நீங்க வேணாம்னு எடுக்கச் சொன்ன சீனைத்தான் மேடம் அவர் இப்ப பாத்தாரு. இது நாடகம் இல்லன்னு நீங்களே அவருக்கு இங்கிலீஷ்ல சொல்லுங்க."

நிருபமா வாயைத் திறந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டபடி விருந்தாளி இன்னும் சிரித்துக்கொண்டே நின்றார்.